அந்த வண்டியை ஓட்டி வந்த ஆள்

ஷோரூமில் புது பைக்கின் சாவியை என் தம்பியின் கையில் கொடுத்தார்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான். பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது நான். வண்டி என் பெயரில். குவைத்தில் பதினோரு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். தம்பி அன்று என்னோடு வந்ததற்கு ஒரே காரணம், நான் வந்த பழைய ஸ்கூட்டரைத் திரும்பப் பாபநாசத்துக்கு ஓட்டிப் போக ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். கியர் வண்டி அவனுக்கு ஓட்டத் தெரியாது. உரமூட்டை ஏற்றுகிற மொபெட்டையும் இந்தக் கியரில்லாத ஸ்கூட்டரையும் தாண்டி அவன் எதையும் பழகியதில்லை.

"சார், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டாதீங்க" என்றார் விற்பனைப் பையன், அவனைப் பார்த்து.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, என்னமோ சொல்றாரு பாரு."

"நான்தாங்க ஓட்டப் போறேன்" என்றேன்.

"சூப்பர் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தம்பியிடமே போனார். "கூலன்ட் மட்டும் அப்பப்பப் பாத்துக்குங்க சார். மேடம் பின்னாடி உக்காரும்போது சேலை மாட்டாம இருக்கக் கம்பி போட்டுக் குடுத்திருக்கோம்." அன்று நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன். கையில் ஹெல்மெட் வைத்திருந்தேன். வண்டி ஓட்டுகிற கோட்டு போட்டிருந்தேன். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் தெரியப்படுத்துவது?

படம் எடுக்கும்போது தம்பியைச் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவன் மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். நான் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். படம் எடுக்கவே இல்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முந்நூற்றுத் தொண்ணூறு சிசி, ஒற்றை சிலிண்டர். உட்கார்ந்தால் உடம்பு முன்னால் சாய்ந்து கைகள் இரண்டும் கீழே இறங்கும். முதல் வாரம் மணிக்கட்டுகள் வலித்தன. பாரத்தைக் கையில் போடக் கூடாது, முழங்காலால் டாங்கைக் கவ்விக்கொண்டு வயிற்றில் தாங்க வேண்டும் என்று புரிந்த பிறகு வலி போய்விட்டது. மெதுவாகப் போவது அதற்குப் பிடிக்காது. மூன்றாவது கியரில் ஊர்ந்தால் வெட்டி வெட்டி இழுக்கும், செயின் தடதடக்கும். அய்யம்பேட்டைக் கடைத்தெரு நெரிசலில் ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கிவிட்டால் வலது தொடை அடுப்புக்கு எதிரே நிற்பதுபோலச் சுடும். ஆனால் கடைத்தெரு முடிந்து இரண்டு பக்கமும் வயல் விரிந்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகினால், ஒரு அளவு வரை அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதற்கு மேல் மடை திறந்த மாதிரி வரும். முதல் தடவை நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கும்?

பிரேக்குக்கு இரண்டு விரல் போதும். கார்த்திகை மாதம் அது. பிந்தி நடுகிற வயல்களிலிருந்து ஏறுகிற டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில் சேற்றை வாரிக்கொண்டு வந்து ரோட்டில் இறைத்துவிட்டுப் போகும். அந்தச் சேற்றில் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்கும்; லிவர் விரலுக்குக் கீழே துடிக்கும், சக்கரம் வழுக்காது. அந்தத் துடிப்பை நம்பக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில்தான் வேறு சங்கடம். எங்கள் மண் களிமண். சைடு ஸ்டாண்டைப் போட்டால் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே இறங்கி வண்டி மெல்லச் சாயும். ஒரு உடைந்த ஓட்டுத் துண்டை எப்போதும் பையில் வைத்துக்கொண்டேன், ஸ்டாண்டுக்கு அடியில் கொடுக்க.

வண்டியோடு எனக்கு இவ்வளவுதான் தகராறு. மற்றதெல்லாம் மனிதர்களோடு.

பெட்ரோல் பங்கில், "அண்ணன் வண்டியாக்கா?" சிக்னலில் பக்கத்தில் நின்ற பெரியவர், "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" ரோட்டில் நிறுத்திய போலீஸ்காரர், லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கியர் வண்டிக்குத்தான் எடுத்திருக்கீங்க" என்று ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்டதுபோலச் சொன்னார். ஆஸ்பத்திரிக் காவலாளி முதல் இரண்டு நாள் வண்டியை டாக்டர்கள் நிறுத்துகிற கொட்டகைக்குள் விட்டார், நிழலில். மூன்றாம் நாள் நான் சீருடையில் வந்து எடுப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. "நர்ஸுங்க வண்டியெல்லாம் அந்தப் பக்கம் மேடம். இது டாக்டருங்க எடம்." அந்தப் பக்கம் என்பது சாக்கடையை ஒட்டிய வெயில். வண்டி அதே வண்டிதான். அதற்கு மரியாதை கொடுத்தது யாரோ ஒரு டாக்டருடையது என்று நினைத்திருந்த வரைக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வண்டியை மந்திரிக்கச் சொல்லி அம்மா பங்குச் சாமியாரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பிறகு சாவியையும் மந்திரித்து, சுற்றி நின்றவர்களைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் நின்ற தம்பியிடம் கொடுத்தார்.

"பத்திரமா ஓட்டுப்பா. அக்காவைக் கூட்டிட்டுப் போகும்போது வேகம் வேண்டாம்."

"ஃபாதர், வண்டி என்னோடது" என்றேன்.

"தெரியும்மா, தெரியும்" என்றார், அன்பாகச் சிரித்துக்கொண்டு. என்ன தெரியும்? அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஒரு காலை மட்டும் விதிவிலக்கு. முதல் சர்வீஸ் முடிந்து, இனிமேல் முழுதாகத் திருகலாம் என்று மெக்கானிக் சொன்ன மறுநாள், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கும்பகோணம் ரோட்டில் எடுத்தேன். மார்கழிப் பனி. ஆறாவது கியரில் எஞ்சினின் தடதடப்பு அடங்கி, ஒரே சீரான ரீங்காரமாக ஆனது. டாங்கின் மேல் நெஞ்சைப் படுக்க வைத்துக்கொண்டேன். பனி ஹெல்மெட் கண்ணாடியில் கோடு கோடாக ஓடியது. திரும்பி வந்து வீட்டில் இறங்கினேன். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

"என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்றார் அம்மா.

அந்த வாரம்தான் எங்கள் வயலுக்குக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

எரிவாயுக் குழாய். பூமிக்கு அடியில் ஊர் ஊராகப் போகிற குழாய் எங்கள் வாய்க்காலைத் தாண்டி, அப்பாவின் வயலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போக வேண்டுமாம். நாங்கள் யாரும் சம்மதிக்கவில்லை. அறுவடை வரைக்குமாவது பொறுங்கள் என்று ஊரே தாசில்தாரிடம் போய்க் கேட்டது. சம்பா பால் பிடித்துக்கொண்டிருந்த சமயம். கதிரை நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த ஒரு மாதத்தைக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

ஆளுங்கட்சிக்காரர் வந்து, கையெழுத்துப் போட்டது போன ஆட்சி என்றார். எதிர்க்கட்சிக்காரர் வந்து, நாங்கள் ஆய்வுக்குத்தான் போட்டோம், குழி தோண்டுவது இவர்கள் என்றார். இருவருக்கும் வேட்டிக் கரையில்தான் வித்தியாசம். அப்பா இருவருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார். அவர்கள் போன பிறகு சொன்னார்: "இந்த வயலு குத்தகையா இருந்தப்ப, எங்களை வெளியேத்தணும்னு மிராசுக்காகப் போலீஸு வந்துச்சு. இதே வரப்புல உக்காந்திருந்தோம். இப்ப கம்பெனிக்காக வருது. எனக்காக ஒரு தடவ வந்ததில்ல."

அன்று எனக்கு இரவுப் பணி. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது தம்பி கூப்பிட்டான். போனில் கூச்சல்.

"அக்கா, பொக்லைன் எறங்கப் போவுது. போலீஸு வந்திருக்கு. அப்பா வரப்புல உக்காந்துட்டாரு, எழுந்திருக்க மாட்டேங்குறாரு. நீ வா."

எப்படி வந்தேன் என்று பலர் பிறகு கேட்டார்கள். பறந்து வந்ததாக ஊரில் கதை கட்டினார்கள். அப்படியெல்லாம் இல்லை. பஸ் நிற்குமிடங்களில் வேகத்தைக் குறைத்தேன், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஊர்ந்தேன். ஆனால் நடுவில் ரோடு வெறிச்சோடிக் கிடந்த இடங்களில் அந்த வண்டியிடம் கேட்டதையெல்லாம் அது கொடுத்தது. லாரியைத் தாண்டப் போதுமான இடம் என்று மனசு முடிவு செய்வதற்குள் லாரி பின்னால் போயிருந்தது.

மெயின் ரோட்டிலிருந்து வயலுக்குப் போகிற பாதையை போலீஸ் வேன் அடைத்து நின்றது. நான் வாய்க்கால் கரையில் ஏற்றினேன். ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இல்லாத கரை, மேலே பனியில் நனைந்த புல். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுகொண்டு, வண்டியை எனக்குக் கீழே ஆட விட்டு, இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். எதிரே பொக்லைன் களத்துமேட்டிலிருந்து வயலுக்கு இறங்குகிற சரிவில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் போய் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டேன். பொக்லைன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஊர் ஜனம் ஓவென்று கத்தியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைத் தேடினேன். யாரோ தூக்கப் போய், வரப்பிலிருந்து சறுக்கி விழுந்திருந்தார். இடது மணிக்கட்டு ஒரு மாதிரி வளைந்திருந்தது. பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து ஹெல்மெட்டையும் கோட்டையும் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒரு அக்காவின் துண்டை வாங்கி அப்பாவின் கையைக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மெயின் ரோட்டுக்குக் கார் எடுத்து வந்தார். அப்பாவை ஏற்றிக்கொண்டு நானும் அம்மாவும் பாபநாசம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு முறிந்திருந்தது.

மாவுக்கட்டுப் போட்டு முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. பொக்லைனை அன்றைக்கு மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் ஹெல்மெட்டும் கோட்டும் வைத்திருந்த தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில், ஆற்றுமணல் அள்ளியதற்காகப் பிடித்து வைத்திருந்த மாட்டுவண்டிகளுக்கு நடுவே என் வண்டி நின்றது. தூக்கி வந்து இறக்கும்போது யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். கிளட்ச் லிவர் வளைந்து, இடது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. வாங்கி ஒரு மாதம் முடிந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். "உங்க தம்பி சரியா பேச மாட்டேங்குறாரும்மா. வண்டியை ஓட்டிட்டு வந்தது அவரா, இல்ல வெளியூர்லேர்ந்து தூண்டிவிட வந்த ஆளா? அதைச் சொல்லிட்டா ஊர்க்காரங்க யாரையும் தொட மாட்டோம்."

"நான்தாங்க ஓட்டிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். பங்குச் சாமியார் சிரித்த அதே சிரிப்பு. "பாசம் புரியுதும்மா. அதுக்காகத் தம்பி மேல இருக்கற கேஸைத் தலையில ஏத்திக்காதீங்க."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"இருக்கும். வீட்ல யார் பேர்லயாச்சும் வாங்குறதுதானே."

"அவனுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது சார்."

உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அய்யா, சத்தியமா எனக்கு மொபெட்டுதான்யா ஓட்டத் தெரியும்." போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். கரையில் ஒரு உருவம் எழுந்து நின்றபடி வந்துகொண்டிருந்தது. பின்சக்கரம் ஒரு இடத்தில் புல்லில் வழுக்கியது, உருவம் இடுப்பை மட்டும் அசைத்துச் சரிசெய்துகொண்டது. "பாருங்க. நல்லாப் பழகின கை. இந்த மாதிரி ஓட்டுறது ஒரு பொம்பளையா?"

என் ஓட்டுதலுக்கு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதையும் இல்லாத ஒரு ஆம்பளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "குத்தம் பண்ணினேன்னு நானே சொல்றேன், அதைக்கூட நம்ப மாட்டீங்களா? ஒரு கேஸு வாங்குறதுக்குக்கூட ஆம்பளையா இருக்கணுமா சார்?"

கதவோரம் நின்ற பெண் காவலர் ஒருவர், "சார், ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்களேன்" என்றார்.

வாசலுக்கு வந்தோம். தம்பியையும் கூட்டி வந்தார்கள். என்னிடமிருந்த சாவியை வாங்கி, முதலில் அவனை ஏறச் சொன்னார்கள். அவன் ஸ்டார்ட் பண்ணி, என்ன செய்வதென்று தெரியாமல் காலால் எதையோ மிதிக்க, வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. நான் பிடித்திருக்காவிட்டால் இன்னொரு பக்கமும் சிராய்த்திருக்கும். பிறகு நான் ஏறினேன். வளைந்த லிவருக்கு இரண்டு விரல்தான் எட்டியது. மாட்டுவண்டிகளுக்கு நடுவே, நுகத்தடிகளைத் தொடாமல், எட்டுப் போட்டேன். காலைக் கீழே ஊன்றவில்லை. இன்னொரு எட்டும் போட்டேன், தேவையில்லாமல், கோபத்தில். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வந்து நிறுத்தினேன்.

அவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "கேஸு உங்க பேர்ல போனா பாஸ்போர்ட்டு புதுப்பிக்கிறது கஷ்டம்மா. திரும்ப வெளிநாட்டு வேலைக்கெல்லாம் போக முடியாது. யோசிச்சுக்குங்க" என்றார்.

அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. குவைத்தில் என் பழைய தலைமை நர்ஸ் திரும்ப வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தம்பியைப் பார்த்தேன். முட்டிவரை காய்ந்த சேறு, அவனுக்கு அளவு பொருந்தாத என் கோட்டு இன்னும் கையில்.

"எழுதுங்க" என்றேன்.

எழுதினார்கள். கணவர் பெயர் என்ன என்று கேட்டார் எழுதியவர். கணவர் இல்லை என்றேன். பேனாவை நிறுத்திக்கொண்டு, "அப்ப யாரு பேரைப் போடுறது?" என்றார். அதற்கும் ஒரு ஆம்பளை பெயர் வேண்டியிருந்தது. அப்பா பெயரைப் போட்டுக்கொண்டார்.

தம்பியைச் சாயங்காலம் விட்டார்கள். என்னை ஜாமீனில் அனுப்பினார்கள். வண்டியைக் கோர்ட்டில் மனுப்போட்டுத்தான் மீட்க முடிந்தது. அதுவரை வேப்பஞ்சருகு உதிர உதிரப் பனியிலும் வெயிலிலும் கிடந்து, டாங்கின் பளபளப்பே போய்விட்டது.

பொக்லைன் இரண்டு நாள் கழித்து வந்தது, முன்னைவிட அதிகப் போலீஸோடு. பால் பிடித்த பயிரை ஒரு தெரு அகலத்துக்கு மிதித்துக் குழி வெட்டினார்கள். அப்பா கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு களத்துமேட்டில் நின்று பார்த்தார். அன்று யாரும் கத்தவில்லை.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாமல் குவைத் வேலை வேறு யாருக்கோ போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த வண்டியில்தான் போனேன், கோர்ட் வாசலிலேயே நிறுத்தினேன். பிறகு ஒரு நாள், போராட்ட வழக்குகளை அரசு வாபஸ் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரில் மேடை போட்டு அதைச் சாதனையாகச் சொன்னார்கள். பேசிய பெரிய மனிதர், "தன் வாகனத்தையே தடுப்பாக நிறுத்திய அந்த வீர இளைஞன்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லலாம் என்று எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து, "உக்காரும்மா, இன்னும் எத்தன பேருக்குச் சொல்லுவ?" என்றார்.

உட்காரவில்லை. மேடைக்குக் கீழே போய் நின்று, "அது நான்தாங்க, இளைஞன் இல்ல" என்றேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்து, "யாரும்மா, அவரோட அக்காவா?" என்று கேட்டார்.

குழாய் இப்போதும் அங்கேதான் போகிறது. அதற்கு மேல் மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அடிமண்ணை மேலே போட்டு மூடிவிட்டதால் அந்தப் பட்டையில் மட்டும் பயிர் ஒரு சாண் குட்டையாக, சோகை பிடித்து நிற்கும். தம்பி ஒவ்வொரு வருஷமும் எருவை அங்கேதான் கூடுதலாகக் கொட்டுகிறான். இன்னும் தேறவில்லை.